தூண்டில் நரம்பின் கதை



1932ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் மழை. வயலில் இறங்கி வேலை செய்ய வழியில்லை. இருபது வயது இளைஞரான ஜார்ஜ் பெர்ரி தம் நண்பரோடு மாண்ட்கோமரி ஏரிக்கு மீன் பிடிக்கப் போனார். பொருளாதார மந்தம் ஊரையே வாட்டிய காலம் அது. அவர் போனது பொழுதுபோக்கிற்காக அன்று. வீட்டுக்குக் கறி வேண்டியிருந்தது. இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு கோல். போலி இரையும் ஒன்றுதான். எங்கேயாவது சிக்கி நரம்பு அறுந்தால், அன்றைய கதை அவ்வளவுதான்.

இரையை எறிந்து இழுத்தபோது அது அசையவில்லை. நீருக்கடியில் மரக்கட்டையில் மாட்டிக்கொண்டது என்றே பெர்ரி முதலில் நினைத்தாராம். பிறகு அந்த மரக்கட்டை நகர்ந்தது! கரைக்கு வந்த பெருவாய்ப் பாஸ் மீனைக் கடையில் நிறுத்தார்கள்: 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது பத்துக் கிலோவுக்குச் சற்று மேல். உலகச் சாதனை. பெர்ரியின் வீட்டிலோ அதைச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள்.

பாஸ் என்றவுடன், நம் சந்தையில் சியாக்காப் என்று விற்கப்படும் கொடுவாயை நேயர்கள் நினைத்துக்கொள்ள வேண்டாம். இது வட அமெரிக்காவின் நன்னீர் மீன், வேறு குடும்பம். பாசியிலும் அல்லியிலையிலும் மூழ்கிய மரவேரிலும் பதுங்கியிருந்து, இரை அருகில் வந்ததும் பாய்ந்து விழுங்கும். தூண்டில் பட்டதும் மறுபடி வேருக்குள்ளேயே நுழையப் பார்க்கும். ஆகவே இம்மீனைப் பிடிப்பவருக்குப் பழைய சிக்கல் ஒன்று கூர்மையாகவே எழுகிறது. நரம்பு தடித்தால் மீன் கண்டுகொள்கிறது; மெலிந்தால் அறுந்துபோகிறது.

இச்சிக்கலின் வயது ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேல். 1496இல் இங்கிலாந்தில் அச்சான தூண்டில் நூல் ஒன்று, எந்த மீனுக்கு எத்தனை குதிரைமுடி என்று கணக்கே சொல்கிறது. சின்னஞ்சிறு மீனுக்கு ஒரே முடி. பெரிய டிரவுட்டுக்குப் பன்னிரண்டு. சால்மனுக்குப் பதினைந்து முடிகளைச் சேர்த்து முறுக்க வேண்டும். கூரிய பல்லுடைய பைக் மீனுக்கு முடி உதவாது, அதற்குக் கம்பி. தண்ணீரின் நிறத்துக்கேற்ப முடிக்குச் சாயம் ஏற்றும் முறையும் அதில் உண்டு. நமக்குத் தெரிந்தவரை, நரம்பைத் தேர்ந்தெடுக்கும் கலைக்கு இதைவிடத் தெளிவான தொடக்கம் வேறில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், கடிகாரம் செய்யும் கைகளே நுட்பமான பல்சக்கரச் சுருளைச் செய்தன. அதில் சுற்றுவதற்கு மெல்லிய, வளைந்துகொடுக்கும் நூல் தேவைப்பட்டது. பட்டு வந்தது. பின்னிய பட்டு நூல் அருமையாக எறியும். ஆனால் ஈரத்தோடு விட்டால் உளுத்துவிடும். ஆகவே மாலையில் வீடு திரும்பியவர், களைப்பைப் பாராமல், சுருளிலிருந்து நூல் முழுவதையும் அவிழ்த்து உலர்த்த வேண்டும். சோம்பல்பட்டவருக்கு அடுத்த முறை பெரிய மீன் கிடைக்காது.

பட்டு நூல் மீனின் கண்ணுக்குத் தெரியும் என்பதால், அதன் நுனியில் இன்னொன்றைக் கட்டினார்கள். ஸ்பெயினின் முர்சியா பகுதியில் செய்யப்பட்ட பட்டுப்புழு நரம்பு அது. கூடு கட்டும் தறுவாயிலுள்ள புழுவைக் காடியில் ஊறவைத்து, உடலைக் கிழித்து, பட்டுச் சுரப்பியை வெளியே எடுத்து இழையாக நீட்டுவார்கள். ஒரு புழுவிலிருந்து கிடைப்பது கைமுழ அளவே. துண்டுதுண்டாக முடிச்சிட்டு, பயன்படுத்துமுன் நீரில் ஊறவைக்க வேண்டும். காய்ந்த நிலையில் முடிந்தால் ஒடிந்துவிடும். ஒரு மீனுக்காக எத்தனை புழுக்கள் என்று எண்ணினால் மனம் கொஞ்சம் சங்கடப்படத்தான் செய்கிறது.

அந்தத் தொழிலை வீழ்த்தியது ஒரு வேதியியல் கூடம். டுபான்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் என்னும் அறிஞரின் குழு 1935 பிப்ரவரியில் ஒரு செயற்கை இழையை உருவாக்கியது. மனச்சோர்வால் நெடுங்காலம் துன்புற்ற கரோதர்ஸ் 1937இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். 1938இல்தான் அந்த இழை நைலான் என்ற பெயரோடு உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அப்பெயரை அவர் கேட்டதே இல்லை.

நைலான் நரம்பைப் பற்றி நாம் விளக்க வேண்டியதில்லை. மலாய் நண்பர்கள் தங்சி என்றும், இலங்கைத் தமிழர் தங்கூசி என்றும் சொல்வது அதைத்தான். ஆனால் தொடக்ககால நைலான் விறைப்பானது. சுருளிலிருந்து எகிறி எகிறிச் சிக்கும். பாஸ் பிடிப்போர் பலர் பின்னல் நூலையே விடாமல் வைத்திருந்ததில் வியப்பில்லை. 1950களின் இறுதியில் மென்மையான நைலான் வந்த பிறகே நிலைமை மாறியது. 1967இல் ரே ஸ்காட் என்பவர் ஆர்கன்சா மாநிலத்தின் பீவர் ஏரியில் பாஸ் போட்டியைத் தொடங்கினார். அதன்பின் நரம்பின் தேர்வு பரிசுப் பணத்தோடு பிணைந்துவிட்டது.

1971இல் ஜப்பானின் குரேஹா நிறுவனம் ஃபுளோரோகார்பன் நரம்பைக் கொண்டுவந்தது. ஒளியை வளைக்கும் அளவு நீருக்கு 1.33, நைலானுக்கு 1.53, இதற்கு 1.42. நீருக்கு நெருக்கமாக இருப்பதால் மீனுக்கு எளிதில் புலப்படாது. நீரைவிடக் கனமானது, மூழ்கும். ஆகவே தெளிந்த நீரில் அடியில் இழுக்கும் இரைக்கு ஏற்றது. நீர்ப்பரப்பில் துள்ள வேண்டிய இரைக்கு இதைக் கட்டினால் மூக்கைக் கீழே இழுத்துவிடும். அங்கே நைலானே மேல். 1990களில் பரவிய பாலிஎத்திலீன் பின்னலோ மிதக்கும், மிகச் சிறிதளவே நீளும், பாசிக்காட்டை அறுத்துக்கொண்டு வரும். 1496இன் பதினைந்து முடி செய்த வேலையை இப்போது தையல்நூல் பருமனுள்ள இழை செய்கிறது.

பெர்ரியின் சாதனையை 77 ஆண்டுகள் எவரும் தொடவில்லை. 1925இல் பாஸ் மீன் ஜப்பானின் ஆஷி ஏரிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கிருந்து பல நீர்நிலைகளுக்கும் பரவியது. உள்நாட்டு மீன்களை அது தின்று தீர்ப்பதால் 2005இல் அதை வளர்ப்பதற்கும் கொண்டுசெல்வதற்கும் அரசு தடை விதித்தது. அந்நாட்டின் பீவா ஏரியில்தான் 2009 ஜூலை 2ஆம் நாள் மனாபு குரிட்டா ஒரு மீனைப் பிடித்தார். பெர்ரியின் மீனைவிட ஓர் அவுன்சுக்கும் சற்றுக் குறைவாகவே கூடுதல் எடை. பழைய சாதனையை முறியடிக்க இரண்டு அவுன்சு வேண்டும் என்பது விதி. ஆகவே புதிய நரம்புகள் இத்தனை வந்த பின்பும், மழை நாளில் வீட்டுக்குக் கறி தேடிப் போன அந்த இளைஞரின் பெயர் பட்டியலில் குரிட்டாவின் பெயரோடு சமமாக நிற்கிறது.