அக்கரைச் சீமையும் ஆள் கட்டும் சட்டங்களும்

மாசி மகத்தையொட்டி ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி கண்டு திரும்புவது இவ்வட்டாரத்தின் பழைய வழக்கம். அதே கடலைக் கூலி ஆட்களாய்க் கப்பலேறிக் கடந்தவர்களும் இவ்வட்டாரத்தில் உண்டு. நம் மூதாட்டியர் பேச்சில் கண்டிச் சீமை, பினாங்கு, ரங்கூன் என்னும் பெயர்கள் பக்கத்து ஊர்களின் பெயர்களைப் போல வழங்கியதற்கு அதுவே காரணம். பழைய தென்னார்க்காடு மாவட்டம், தஞ்சை, திருச்சி, சேலம் மாவட்டங்களோடு சேர்ந்து, மலேயாத் தோட்டங்களுக்கு மிகுதியாக ஆள் அனுப்பிய மாவட்டங்களுள் ஒன்றாக விளங்கியது. அவ்வாறு சென்றவர்களுள் கணிசமான பகுதியினர் நிலமற்ற ஆதிதிராவிட மக்கள்.

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் இவ்வரலாற்றை எழுத முற்பட்டமைக்குக் காரணம் உண்டு. இன்றும் நம் இளைஞர் கடவுச்சீட்டுடன் வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் புறப்படுகின்றனர். நம் முன்னோரை ஏற்றிச் சென்ற சட்டங்கள் யாவை, அவை யார் பொருட்டு இயற்றப்பட்டன, ஏட்டில் எழுதியவாறு நடந்தனவா என்பனவற்றை அவர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

ஊரில் இருந்த கட்டு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதிவரை, நிலத்தோடு சேர்த்து ஆளையும் அடகு வைக்கவும் விற்கவும் இயன்ற நிலை தமிழகத்தின் நெல் விளையும் பகுதிகளில் இருந்தது. 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், அடிமை என்னும் உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்று விதித்தது. சட்டம் வந்ததேயன்றி நிலம் வரவில்லை. முன்பணமும் கடனும் பழைய கட்டின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. பண்ணையாளாய் இருந்தவர் பண்ணையாளாகவே நீடித்தார்.

அடுத்து 1859-இல் பதின்மூன்றாம் சட்டம் வந்தது. முன்பணம் பெற்ற வேலையாள் வேலையை முடிக்காது விலகினால், அவரை வேலைக்குத் திரும்புமாறோ பணத்தைத் திருப்பித் தருமாறோ நீதிபதி ஆணையிடலாம்; பணியாதவரைச் சிறைக்கு அனுப்பலாம். கூலி தராத முதலாளியைச் சிறைக்கு அனுப்ப அதில் வழியில்லை. ஒப்பந்தம் இருவர் செய்வது. அதை மீறிய குற்றமோ ஒருவருக்கே உரியதாயிற்று. தோட்ட முதலாளிகள் பெரிதும் பயன்படுத்திய இச்சட்டத்தை நீக்குவதற்கு 1925-ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இந்நிலையில் கடல் கடத்தல் நம்மவர்க்குத் துன்பமாக மட்டும் தோன்றவில்லை. ஊரில் கிடைக்காத காசுக்கூலி அங்கே கிடைத்தது. ஆட்கள் கப்பலேறத் தொடங்கியதும் பண்ணைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று மிராசுதாரர்கள் முறையிட்டனர். வெளியேறும் வழி ஒன்று இருப்பதே, வெளியேறாது ஊரில் தங்கியவருக்கும் சிறிது வலிமை தந்தது.

ஒப்பந்தக் கூலியும் கங்காணியும்

மலேயாக் கரையில் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய மூன்றும் 1867-இல் இந்திய அரசின் ஆட்சியிலிருந்து பிரிக்கப்பட்டன. அதனால் அங்குக் கூலிகளை அனுப்புதல் சட்டத்திற்குப் புறம்பானது என்பது சில ஆண்டுகளுக்குப் பின்னரே அதிகாரிகளுக்குப் புலப்பட்டது. கப்பல்கள் நிறுத்தப்பட்டன. கரும்புத் தோட்ட முதலாளிகள் கூக்குரலிட்டனர். 1872-இல் சிறப்புச் சட்டம் ஒன்றால் வழி மீண்டும் திறக்கப்பட்டது. கடற்கதவு எப்போது திறக்கும், எப்போது மூடும் என்பதைக் கடல் கடப்பவர் தீர்மானித்ததில்லை என்பதற்கு இது முதற் சான்று.

ஒப்பந்தக் கூலியாய்ச் சென்றவர் பயணச் செலவைத் தம் உழைப்பால் அடைத்தல் வேண்டும். தோட்டத்தை விட்டு ஓடினால் சிறை. மலேயாவுக்கு இம்முறையில் ஆள் எடுப்பது 1910-இல் நின்றது. பிஜி முதலிய நாடுகளுக்கான ஒப்பந்தக் கூலி முறை 1917-இல் நிறுத்தப்பட்டது.

அதற்குமுன்பே வேறொரு முறை வேரூன்றிவிட்டது. தோட்டத்தில் சில காலம் வேலை பார்த்த ஒருவர் கங்காணி என்னும் பெயருடன் சொந்த ஊருக்கு வந்து, உறவினரையும் ஊராரையும் ஆள் கட்டி அழைத்துச் செல்வார். இது கங்காணி முறை எனப்பட்டது. தெரிந்தவர் அழைத்தார் என்னும் நம்பிக்கையில் பலர் சென்றனர். தோட்டத்தில் அதே கங்காணி மேற்பார்வையாளராகவும் கடன் கொடுத்தவராகவும் நின்றார். தாம் கொண்டுவந்த ஆள் ஒருவர் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் அவருக்குச் சிறுகாசு கிடைத்தது. காய்ச்சலில் கிடப்பவரையும் எழுப்பி வேலைக்கு அனுப்புவதில் அவருக்கு ஆதாயம் இருந்தது.

முதலாளிகளும் பட்ட பாடு

முறையற்ற ஆள்சேர்ப்பால் தொழிலாளர் மட்டுமே துன்புற்றனர் என எண்ணுதல் தவறு. இலங்கைத் தோட்டங்களில் 'துண்டு' என்றொரு சீட்டு வழங்கியது. கங்காணியும் அவருடைய ஆட்களும் தோட்டத்திற்குப் பட்ட கடன் எவ்வளவு என்று அதில் எழுதப்பட்டிருக்கும். அத்தொகையைக் கொடுக்கும் வேறொரு துரை, ஆட்களைத் தம் தோட்டத்திற்கு அழைத்துக்கொள்ளலாம். ஆள் பற்றாக்குறை மிகுந்தபோது துரைமார் போட்டியிட்டுத் துண்டின் தொகையை ஏற்றினர். ஏறிய கடன் இறுதியில் தொழிலாளர் தலையில் விழுந்தது. முன்பணம் கொடுத்த துரையும் அதை மீட்க இயலாது தவித்தார். 1921-இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டது.

மலேயாவிலும் இதே நோய் வேறு உருவில் இருந்தது. ஒரு தோட்டம் செலவு செய்து ஆட்களை வரவழைக்கும். அண்டைத் தோட்டம் செலவின்றி அவர்களைக் கவர்ந்துகொள்ளும். செலவு செய்தவர் நட்டமடைந்தார். அந்நட்டத்தை ஈடுகட்டக் கூலியில் கை வைத்தார். இதற்குத் தீர்வாக 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி என்னும் பொது நிதி நிறுவப்பட்டது. இந்தியத் தொழிலாளரை வேலைக்கு வைத்துள்ள ஒவ்வொரு முதலாளியும், ஆட்கள் வேலை செய்த நாட்களைக் கணக்கிட்டு, அந்நிதிக்குக் கட்டாயமாகப் பணம் செலுத்துதல் வேண்டும். நாகப்பட்டினம், ஆவடி முகாம்களின் செலவும் கப்பற் கட்டணமும் அதிலிருந்து அளிக்கப்பட்டன. அதன் பின்னர் மலேயாவுக்குச் சென்றவர் பயணக் கடன் இன்றிக் கரையிறங்க இயன்றது. எல்லா முதலாளிகளுக்கும் ஒரே விதி இருந்து, அது தவறாது நடத்தப்பட்டால், நேர்மையுடையவர் நட்டமடையமாட்டார் என்பதை இந்நிதி காட்டிற்று. ஆயின் இதனை அமைத்தவர் மனத்தில் முதலிடம் பெற்றது, தோட்டங்களுக்கு ஆள் தடையின்றி வருதல் வேண்டும் என்பதே.

ஏட்டில் இருந்த காவல்

1922-இல் இந்திய அரசு குடிபெயர்வுச் சட்டம் இயற்றியது. தேர்ச்சியற்ற வேலைக்கு, அரசு அறிவித்த நாடுகளுக்கு மட்டுமே ஆள் அனுப்பலாம். கங்காணிக்கு உரிமச்சீட்டு வேண்டும். அவர் கட்டிய ஆள் குறித்து ஆட்சேபணை இல்லை என்று கிராம முன்சீப் குறிப்பு எழுதுதல் வேண்டும் என விதிகள் வகுக்கப்பட்டன. கேட்க நன்றாகவே இருந்தது. ஆனால் பல ஊர்களில் அந்த முன்சீப் தாமே நிலம் உடையவர். பண்ணையாள் விலகுவதை விரும்பாதவர். காவலுக்கு எழுதிய விதி தடையாகவும் மாறக்கூடியதாய் இருந்தது.

இலங்கையிலும் மலேயாவிலும் இந்திய அரசின் ஏஜெண்டுகள் அமர்த்தப்பட்டனர். அவர்கள் தோட்டங்களைப் பார்வையிட்டு ஆண்டறிக்கை எழுதினர். குறைகளை எடுத்துரைக்கும் உரிமை அவர்களுக்கு இருந்தது. குறை செய்தவரைத் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. 1930-இல் உலகெங்கும் வாணிகம் சரிந்து ரப்பர் விலை வீழ்ந்தபோது இக்காவலின் வலிமை எவ்வளவு என்பது வெளிப்பட்டது. கூலி குறைக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் திருப்பி அனுப்பப்பட்டனர். நல்ல காலத்து இலாபம் தோட்டத்திற்கும் கெட்ட காலத்து நட்டம் தொழிலாளருக்கும் என்றாயிற்று.

நிலைமை சீரடைந்து ஆடவர் நாட்கூலி 50 சென்டாக உயர்ந்த பின்னர், 1938-இல் அதனை 45 சென்டாகக் குறைக்க முதலாளிகள் முற்பட்டனர். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் மலேயாவுக்கு உதவிப் பயணத்தில் ஆள் அனுப்புவதை இந்திய அரசு தடை செய்தது. இலங்கை அரசு இந்திய நாட்கூலிப் பணியாளரை நீக்கியதையடுத்து, 1939 ஆகஸ்டில் இலங்கைக்கும் தேர்ச்சியற்ற தொழிலாளர் செல்லத் தடை விதிக்கப்பட்டது.

இத்தடை இருமுனைக் கத்தி எனலாம். ஊரில் வேலையின்றி இருந்தவருக்கு ஒரு வழி அடைபட்டது. அக்கரையில் இருந்தவருக்கோ, தமக்கு மாற்றாகப் புதிய ஆட்கள் வந்து இறங்கமாட்டார்கள் என்னும் துணிவு பிறந்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, தோட்டக் கள்ளுக்கடைகளை மூடுதல், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்னும் கட்டாயத்தை நீக்குதல் என்பன அவர்தம் கோரிக்கைகளுட் சில. அவர்களுக்கு வழிகாட்டிய ஆர்.எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். இளைஞர்களே, அக்கோரிக்கைகளை ஒருமுறை மீண்டும் படியுங்கள். ஊர்த்தெருவில் செருப்பணிந்து நடக்கத் தடுக்கப்பட்ட மக்கள், கடல் கடந்த பின்னர் சைக்கிளிலிருந்து இறங்கமாட்டோம் என்றனர். கூலியோடு மானத்தையும் கல்வியையும் சேர்த்தே கேட்டனர்.

கதவு அடைபட்ட பின்னர்

வழி அடைபட்டதால் பிழைப்பின் தேவை அடங்கிவிடவில்லை. பாக் நீரிணையை இரவில் படகேறிக் கடந்தவரைக் குறிக்கக் 'கள்ளத்தோணி' என்னும் சொல் இலங்கையில் பரவியது. நாளடைவில் முறையாகக் குடியேறிப் பல தலைமுறை உழைத்த மலையகத் தமிழரையும் இழிவாகச் சுட்ட அச்சொல் பயன்பட்டது. சீட்டு இல்லாதவர் கூலி குறைந்தாலும் முறையிடமாட்டார்; முறையிட்டால் முதலில் பிடிபடுபவர் அவரே. அவரது அச்சமே முதலாளிக்கு ஆதாயம். சீட்டுடன் அருகில் உழைப்பவரின் கூலியும் அதனால் தாழும்.

1948-இன் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவராக்கியது. 1964-இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதெனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்பதென 1974-இல் முடிவாயிற்று. மலேசியாவில் 1969-க்குப் பின்னர், குடியுரிமை இல்லாதோர் வேலை அனுமதிச் சீட்டுப் பெற்றே உழைக்கலாம் என்னும் விதி நடைமுறைக்கு வந்தது. சுமார் 60,000 இந்தியர் அந்நாட்டை விட்டு வெளியேறினர். ஆள் வேண்டியபோது முகாம் அமைத்து அழைத்த நாடுகள், வேண்டாதபோது சீட்டு எங்கே என்று கேட்டன.

நாம் கொள்ளத்தக்க பாடம்

1983-இல் இந்திய நாடாளுமன்றம் புதிய குடிபெயர்வுச் சட்டம் இயற்றியது. ஆள் அனுப்பும் முகவர் பதிவு பெற்றிருத்தல் வேண்டும் என்றும், வரம்பிற்கு மேல் கட்டணம் பெறலாகாது என்றும் அது விதித்தது. வளைகுடா நாடுகள் உள்ளிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோருள், பத்தாம் வகுப்புத் தேறாதோர் குடிபெயர்வோர் காப்பாளரின் அனுமதி பெறுதல் வேண்டும் என்னும் முறையும் வந்தது. பதிவற்ற முகவரோ, சுற்றுலா விசாவில் அனுப்பிவிடுவேன் என்று கூறிப் பணம் பெறுகிறார். அவ்வாறு செல்பவர் புதிய கள்ளத்தோணி ஆகிறார். ஆகவே பதிவெண்ணைக் கேளுங்கள். ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். அதன் படி ஒன்றை வீட்டில் வைத்துச் செல்லுங்கள்.

மற்றொன்றும் உண்டு. இன்று பீகார், ஒடிசா, மேற்கு வங்கத் தொழிலாளர் நம் ஊர்க் கட்டட வேலைகளுக்கு வருகின்றனர். வெளிமாநிலத் தொழிலாளருக்கென 1979-இல் இயற்றிய சட்டம், ஆள் சேர்க்கும் ஒப்பந்தக்காரருக்கு உரிமம் வேண்டும் என்றது. தொழிலாளருக்குப் பயணப்படியும் கணக்குப் புத்தகமும் தருதல் வேண்டும் என்றது. அவர்கள் மொழி அறியாது வந்து நிற்கும் நிலையே பினாங்குக் கரையில் நம் பாட்டன்மார் நின்ற நிலை. நம்மவருள் மேற்பார்வையாளராகவும் ஒப்பந்தக்காரராகவும் உயர்ந்தோர் பழைய கங்காணியாகிவிடலாகாது.

சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-இல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கிய நாளில், நம்மவருட் பெரும்பாலோர் தாம் கைநாட்டு இட்ட ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தது என்று அறியாதவர்கள். எழுதியதைப் படிக்கவும், எழுதியது நடக்கவில்லையெனில் எழுத்தில் முறையிடவும் வல்ல தலைமுறையை உருவாக்குவதே நம் சங்கத்தின் பணி. சட்டம் இயற்றுவது அரசின் கடமை. அது நம் ஊரிலும் அக்கரையிலும் நடக்கிறதா என்று கேட்பது கற்றவர் கடமை.