ஊசியால் வாங்கிய விடுதலை

ஒரு நாட்டின் வரலாற்றை எழுதுவோர் அரசர்களையும் போர்களையும் சட்டங்களையுமே பெரும்பாலும் முதலிற் காண்பர். வீட்டின் ஒரு மூலையில், விளக்கொளியில், ஊசியும் நூலுங் கொண்டு உழைத்த பெண்களின் கதை அவ்வரலாற்றின் ஏடுகளில் அரிதாகவே இடம்பெறும். ஆயினும், சில வேளைகளில் அச்சிறு ஊசியின் காதினூடே பார்க்கும்போது ஒரு காலத்தின் தன்மை முழுவதும் புலனாகின்றது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அடிமையாகப் பிறந்து, தையற்றொழிலாலே தன் விடுதலையையும் தன் மகனின் விடுதலையையும் பெற்று, பின்னர் அந்நாட்டுத் தலைவரின் மாளிகைக்கே உடை தைத்துக் கொடுத்த எலிசபெத் கெக்லி அம்மையாரின் வாழ்க்கை அத்தகையது.

எலிசபெத் 1818ஆம் ஆண்டில் வேர்ஜீனியா மாநிலத்தின் டின்விடிப் பகுதியிற் பிறந்தாள். தாய் அக்னஸ் அங்கு ஒரு செல்வர் வீட்டில் அடிமையாக இருந்தவள். அவ்வீட்டுக்கு வேண்டிய உடைகளைத் தைப்பது அவளுடைய கடமைகளுள் ஒன்று. அடிமைப் பெண் பெறும் குழந்தை தாயின் நிலையையே அடையும் என்பது அக்காலச் சட்டம். தந்தை யாராயினும் அச்சட்டத்தில் மாற்றமில்லை. வீட்டு எசமானனே தன்னைப் பெற்றவன் என்பதை எலிசபெத் பின்னாளிற் தாயின் வாயால் அறிந்தாள். அவள் தந்தையென அன்புடன் அழைத்தது வேறொரு தோட்டத்தில் அடிமையாயிருந்த ஜோர்ஜ் ஹொப்ஸ் என்பவரையே. அவருடைய எசமானன் மேற்றிசைக்குக் குடிபெயர்ந்தபோது அவரும் உடன்செல்ல நேர்ந்தது. அவரிடமிருந்து கடிதங்கள் வந்தன. அவர் திரும்பி வரவில்லை.

நான்கு வயதில் அவளுக்குக் கிடைத்த முதல் வேலை எசமானியின் கைக்குழந்தையைத் தொட்டிலில் ஆட்டுவது. உற்சாகத்தில் வேகமாக ஆட்டியபோது குழந்தை நிலத்தில் விழுந்துவிட்டது. என்ன செய்வதென்று அறியாத சிறுமி, அடுப்புச் சாம்பல் அள்ளும் கரண்டியால் குழந்தையைத் தூக்க முயன்றாள். அதற்காக அவளுக்குக் கசையடி கிடைத்தது. வளர்ந்து பருவமெய்தியதும் எசமானனின் மகனுக்குக் கொடுக்கப்பட்டு வட கரோலினாவுக்கு அனுப்பப்பட்டாள். அங்கும் அவள் செருக்கை அடக்குவதற்கென்றே அடிகள் விழுந்தன. அயலிலிருந்த வெள்ளையன் ஒருவன் அவளை நான்கு ஆண்டுகள் வன்முறையால் துன்புறுத்தினான். அதன் பயனாய்ப் பிறந்த மகனுக்கு ஜோர்ஜ் என்று பெயரிட்டாள். அக்குழந்தையும் பிறக்கும்போதே அடிமை.

இத்துன்பங்களுக்கிடையில் அவள் தாயிடமிருந்து பெற்ற ஒரே சீதனம் தையற்கலை. அதற்கு விலை உண்டென்பதை அவள் அறிந்துகொண்ட இடம் மிசூரி மாநிலத்துச் செயின்ற் லூயிஸ் நகரம்.

அப்பொழுது அவளும் தாயும் மகனும் எசமானனின் மகளை மணந்த ஹியூ கார்லண்ட் என்னும் வழக்கறிஞரின் உடைமையாக இருந்தனர். அக்குடும்பம் 1847ஆம் ஆண்டளவில் அந்நகருக்கு வந்து குடியேறிற்று. கார்லண்டின் பெயர் வேறொரு வகையாலும் வரலாற்றில் நிலைத்திருக்கின்றது. விடுதலை கோரி நீதிமன்றம் ஏறிய டிறெட் ஸ்கொற் என்ற அடிமையின் புகழ்பெற்ற வழக்கில், உடைமை கோரிய தரப்புக்காக வாதாடியவர் அவரே. எனினும் அவர் வருவாய் குடும்பத்திற்குப் போதவில்லை. முதுமையடைந்திருந்த அக்னஸைப் பிறர் வீட்டு வேலைக்குக் கூலிக்கு அனுப்பி, அக்கூலியைக் கொண்டு செலவை ஈடுசெய்ய எண்ணினார்.

தாய் தள்ளாத வயதில் அயலார் வீட்டுப்படி ஏறுவதை எலிசபெத் பொறுக்கவில்லை. தாய்க்குப் பதிலாகத் தானே வெளியே சென்று உழைத்துத் தருவதாக வேண்டிக்கொண்டாள். நகரத்துச் சீமாட்டிகள் சிலருக்கு உடை தைத்துக் கொடுத்தாள். அவ்வுடைகளை அணிந்தவர்களே அவளுக்கு விளம்பரமாயினர். ஒருத்தி உடுத்ததைக் கண்டு மற்றொருத்தி கேட்டு வந்தாள். சிறிது காலத்தில் கைக்கு அடங்காத வேலை சேர்ந்தது.

அக்காலத்துச் சீமாட்டியின் உடை இலேசானதன்று. மேற்சட்டை உடலோடு ஒட்டி மடிப்பின்றி அமைய வேண்டும். பாவாடையோ பல கெசத் துணியை உட்கொண்டு அகன்று விரிய வேண்டும். துணியை வாங்கித் தருவது உடுப்பவரின் பொறுப்பு. அளவெடுத்து, விலையுயர்ந்த பட்டைத் தவறின்றி வெட்டி, உடலிற் பொருத்திப் பார்த்து, திருத்தித் தைத்து முடிப்பது தையற்காரியின் பொறுப்பு. ஒரு தவறான வெட்டு முழுத் துணியையும் பாழாக்கிவிடும். ஆகவே அத்தொழிலின் மூலதனம் பணமன்று, கைத்திறனும் நம்பிக்கையுமே. அவ்விரண்டையும் கொண்டு எலிசபெத் இரண்டு ஆண்டு ஐந்து மாதம் 17 பேரின் வயிற்றுக்கு உணவளித்தாள். எசமானனின் குடும்பமும் அவர்தம் அடிமைகளும் ஒரு பெண்ணின் ஊசியை நம்பி வாழ்ந்தனர்.

ஆனால், உழைத்தவளுக்கு அதில் ஒரு காசும் உரிமையில்லை. அடிமையின் உழைப்பும் அதன் ஊதியமும் எசமானனைச் சேர்ந்தவை என்பதே சட்டம். எவ்வளவு உழைத்தாலும் விடுதலைக்கெனச் சேமிக்க வழி இல்லை. தனக்கும் மகனுக்கும் விலை கூறுமாறு அவள் கார்லண்டைக் கேட்டாள். அவர் முதலில் மறுத்தார். மீண்டும் கேட்டபோது, ஒரு வெள்ளி நாணயத்தை எடுத்துக் கொடுத்து, போக விரும்பினால் இதைக் கொடுத்து மிசிசிப்பி ஆற்றைக் கடந்து போய்விடு என்றார். மறுகரையிலிருந்த இலினோய் மாநிலத்தில் அடிமைமுறை இல்லை. எலிசபெத் அந்நாணயத்தைப் பெற்றுக்கொள்ளவில்லை. ஓடிப் பெறும் விடுதலை தனக்கு வேண்டியதன்று என்றும், நாட்டின் சட்டம் ஒப்பும் வகையிலேயே அதனைப் பெற விரும்புவதாகவும் கூறினாள். அதன்பின்பே தாய்க்கும் மகனுக்குமாக 1,200 டொலர் என்று விலை குறிக்கப்பட்டது.

இதனிடையே அவள் ஜேம்ஸ் கெக்லி என்பவரை மணந்தாள். தாம் அடிமையல்லர் என்று அவர் கூறியது பொய்யென்பது பின்னரே தெரியவந்தது. அவர் அவளுக்குத் துணையாகாமற் சுமையாகவே ஆனார். பெயரொன்றே அம்மணத்தால் எஞ்சியது.

கார்லண்ட் இறந்தபின், பணத்தைத் திரட்டுவதற்காக நியூயோர்க்குக்குச் செல்ல அவள் எண்ணினாள். அவள் திரும்பி வராவிட்டால் விலையைத் தாம் கொடுப்பதாக ஆறு கனவான்கள் கையெழுத்திட வேண்டுமென எசமானி கேட்டாள். ஐவர் இட்டனர். ஆறாமவர் இட ஒப்பினாராயினும், அவள் திரும்பி வரமாட்டாள் என்றே தாம் கருதுவதாகக் கூறிவிட்டார். தன் சொல்லை நம்பாதவரின் கையெழுத்து தனக்கு வேண்டாமென்று எலிசபெத் பயணத்தையே கைவிட்டாள். அவ்வேளையில் வாடிக்கையாளருள் ஒருவரான லெ பூர்ஷ்வா அம்மையார் அவளைத் தேடி வந்தார். இந்நகருக்கே உழைத்தவள் அயலூரில் ஏன் கையேந்த வேண்டும் என்று கூறி, தம் தோழியரிடையே அப்பணத்தைத் திரட்டிக் கொடுத்தார். 1855ஆம் ஆண்டு நவம்பரில் எலிசபெத் கெக்லியும் மகனும் விடுதலை பெற்றனர்.

நன்கொடையாக வந்த பணத்தை அவர் கடனாகவே பெற்றுக்கொண்டார். செயின்ற் லூயிஸ் நகரிலேயே தங்கி, தைத்துத் தைத்து அதனை முற்றாகத் திருப்பிக் கொடுத்தார். அதன் பின்னரே 1860இல் அந்நகரை விட்டு நீங்கினார். பின்னாளில் வாஷிங்டனில் அவர் தொடக்கத்திற் பெற்ற கூலி நாளொன்றுக்கு இரண்டரை டொலர். அக்கணக்கின்படி, 1,200 டொலர் என்பது ஒரு காசும் செலவழியாமற் சேர்த்த 480 நாள் உழைப்பு.

முதலிற் பால்ற்றிமோர் நகரிற் கறுப்பினப் பெண்களுக்குத் துணிவெட்டும் முறையைக் கற்பிக்க முயன்றார். ஆறு வாரத்தில் அம்முயற்சி தோற்றது. வெறுங்கையுடன் வாஷிங்டனை அடைந்தார். அங்கும் ஓர் இடர் காத்திருந்தது. விடுதலை பெற்ற கறுப்பினத்தவரும் குறித்த சில நாள்களுக்கு மேல் அந்நகரில் தங்க அனுமதிச் சீட்டு வேண்டும். அவர் அடிமையல்லர் என்று ஒருவர் சான்று கூறவும் வேண்டும். இங்கும் துணை நின்றவர் அவரிடம் உடை தைப்பித்த ஒரு பெண்மணியே.

வாடகை அறையொன்றில் அவர் தொடங்கிய தொழில் விரைவில் வளர்ந்தது. உள்நாட்டுப் போரிற் தென்மாநிலங்களின் தலைவராக நின்ற ஜெபர்சன் டேவிசின் மனைவிக்கும், அவர்களுடைய படைத்தலைவர் றொபேட் லீயின் மனைவிக்கும் போருக்கு முன்னர் உடை தைத்தவர் இவரே. லீ தம் மனைவியின் உடைக்குச் சரிகைப் பின்னல் வாங்க 100 டொலரை இவர் கையிற் கொடுத்தார். அதை விற்ற கடைக்காரர் இவருக்கு 25 டொலர் தரகு வழங்கினார். வீட்டிலிருந்து நடத்தும் சிறுதொழில் நகரத்துப் பெருங்கடைகளோடு எவ்வாறு இணைந்திருந்தது என்பதை இச்சிறு செய்தி காட்டுகின்றது.

1861ஆம் ஆண்டு மார்ச்சில் ஆபிரகாம் லிங்கன் பதவியேற்றார். அவர் மனைவி மேரிக்குத் தையற்காரி ஒருவர் வேண்டியிருந்தார். வெள்ளை மாளிகைக்குக் கெக்லி அம்மையார் சென்றபோது வேறு தையற்காரிகளும் அங்கே காத்திருந்தனர். தாம் மேற்றிசையிலிருந்து வந்தவர் என்றும், அதிகக் கூலி கொடுக்க இயலாதென்றும் மேரி அம்மையார் முதலிலேயே கூறினார். கூலி நியாயமாகவே இருக்கும் என்று கெக்லி அம்மையார் விடையளித்தார். முதலுடை விருந்து நாளின் மாலையிலே, சற்றுத் தாமதித்தே போய்ச் சேர்ந்தது. சினந்திருந்த மேரி அம்மையார் அதனை அணிந்து பார்த்தபின் மனம் தெளிந்தார். அவ்வாண்டின் இளவேனிலிலும் கோடைத் தொடக்கத்திலுமாக 15, 16 உடைகள் அவர் கையால் அமைந்தன. காலப்போக்கில் அவரிடம் பல பெண்கள் தொழில் பயின்று வேலை செய்தனர்.

ஆனால், அவ்வாண்டே பேரிழப்பையும் கொணர்ந்தது. கறுப்பினத்தவரைப் படையிற் சேர்க்காத அந்நாளில், நிறத்தால் வெள்ளையராகவே தோன்றிய அவர் மகன் ஜோர்ஜ் வெள்ளையராகப் பதிந்து வடமாநிலப் படையிற் சேர்ந்திருந்தான். 1861 ஓகஸ்ட் 10ஆம் நாள் மிசூரியில் நிகழ்ந்த வில்சன் ஓடைப் போரில் அவன் மாண்டான். எந்த மகனுக்காக ஊசியை எடுத்தாரோ அம்மகன் விடுதலைப் போரில் மறைந்தான். அடுத்த பெப்ரவரியில் லிங்கனின் மகன் வில்லி காய்ச்சலால் இறந்தபோது, அச்சிறுவனின் உடலைக் கழுவி உடுத்தியவர் மகனையிழந்த இத்தாயே. அதே 1862இல், தென்மாநிலங்களிலிருந்து தப்பி வந்து வாஷிங்டனில் உணவும் உடையுமின்றித் தவித்த மக்களுக்காக அவர் ஒரு நிவாரணச் சங்கத்தை நிறுவினார். மூன்றாண்டுகளின் பின், 1865இல், அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் அடிமைமுறையை நாடு முழுவதும் ஒழித்தது.

அவ்வாண்டு ஏப்ரலில் லிங்கன் சுடப்பட்டு இறந்தார். கடனிற் சிக்கிய மேரி அம்மையார் 1867இல் தம் பழைய உடைகளை நியூயோர்க்கில் விற்க முயன்றபோது, கெக்லி அம்மையார் தம் தொழிலை விட்டு உதவச் சென்றார். அம்முயற்சி பத்திரிகைகளின் ஏளனத்துக்கு ஆளாயிற்று. தம்மையும் தம் தோழியையும் பழியிலிருந்து காக்க எண்ணி, 1868இல் அவர் தம் வாழ்க்கை வரலாற்றை நூலாக வெளியிட்டார். மேரி அம்மையார் எழுதிய கடிதங்களும் அந்நூலில் அச்சேறின. தலைவரின் இல்லத்து இரகசியத்தை ஒரு கறுப்பினத் தையற்காரி வெளியிடுவதா என்று உலகம் சீறியது. மேரி அம்மையார் நட்பை முறித்துக்கொண்டார். வாடிக்கையாளரும் குறைந்தனர். நம்பிக்கையையே முதலாகக் கொண்ட தொழில், அந்நம்பிக்கை ஐயத்துக்குள்ளானதும் தளர்ந்தது.

ஆயினும் அவர் கை ஓயவில்லை. 1892இல், தம் மகன் முன்பு பயின்ற ஒஹையோ மாநிலத்து வில்பர்போர்ஸ் கல்லூரியில் மாணவியர்க்குத் தையற்கலை கற்பிக்கும் பொறுப்பை ஏற்றார். உடல் நலங்குன்றியபின் வாஷிங்டனுக்குத் திரும்பினார். மகன் போரில் இறந்தமைக்காகக் கிடைத்த சிறு உபகாரச் சம்பளம் இறுதிக் காலத்திற் துணையாயிற்று. 1907ஆம் ஆண்டு மே மாதத்தில், ஆதரவற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான இல்லமொன்றில் அவர் உயிர் பிரிந்தது.

வாஷிங்டன் நூதனசாலையில் மேரி லிங்கன் அணிந்த ஊதாநிற வெல்வெற் உடையொன்று பேணப்படுகின்றது. அதனைத் தைத்தவர் கெக்லி அம்மையாரே என நம்பப்படுகின்றது. அவ்வுடையில் அவர் பெயர் இல்லை, தையல் உண்டு. அவருடைய ஊசி செல்வத்தை நிலையாக ஈட்டித் தரவில்லை. முதுமையின் வறுமையைத் தடுக்கவுமில்லை. ஆனால், தன் உழைப்பின் விலை தன்னையே சேர வேண்டும் என்னும் உரிமையை அது வென்று கொடுத்தது. வீட்டிலிருந்து தைத்துப் பிழைக்கும் எந்தப் பெண்ணும் தன் கூலியைத் தானே சொல்லி, அதைத் தன் கையிலேயே வாங்கும்போது, அவ்வுரிமையையே பெற்றுக்கொள்கின்றாள். அது எளிதாகக் கிடைத்ததன்று என்பதற்கு எலிசபெத் கெக்லி அம்மையாரின் வரலாறு சான்றாகும்.