பிரிட்ஜ் கற்க ஆசையா? எந்த வகுப்பில் சேருவது, 304 தெரிந்தால் எவ்வளவு உதவும்?

"பிரிட்ஜ் கிளாஸ் போறேன்" என்று வீட்டில் சொன்னால், "ஃபிரிட்ஜா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். இது சீட்டு விளையாட்டு என்று விளக்கியதும் அடுத்த கேள்வி வரும்: "அப்போ சூதாட்டமா?"

இரண்டாவது கேள்வி நியாயமானதுதான். சீட்டுக்கட்டால் சம்பளத்தைத் தொலைத்தவர்களின் கதை நம் குடும்பங்களில் நிறையவே உண்டு. மலேசியாவின் 1953-ஆம் ஆண்டு பொதுச் சூதாட்ட மையங்கள் சட்டம், அதிர்ஷ்டம் சார்ந்த விளையாட்டையோ, அதிர்ஷ்டமும் திறமையும் கலந்த விளையாட்டையோ பணத்துக்காக அல்லது பணமதிப்புள்ள பொருளுக்காக விளையாடுவதைத்தான் சூதாட்டம் என்கிறது. பிரிட்ஜ் வகுப்பில் மேசைமேல் காசு இருக்காது. புள்ளிக்கணக்கு மட்டும்தான். யாராவது "சும்மா ஒரு ரிங்கிட் வச்சு ஆடலாமே" என்று ஆரம்பித்தால், எழுந்து வந்துவிடுங்கள்.

பெற்றோரிடம் சொல்ல இன்னொரு தகவலும் உண்டு. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜ் பதக்க விளையாட்டாக இருந்தது. ஆடவர் இணைப் பிரிவில் தங்கம் வென்ற இந்தியர்கள் பிரணாப் பர்தனுக்கு 60 வயது, ஷிப்நாத் சர்க்காருக்கு 56. அதே போட்டியில் மலேசியாவுக்காக ஆடிய லீ ஹங் ஃபோங்குக்கு 81 வயது! "வயசானவங்க விளையாட்டு" என்று கிண்டல் செய்ய இதையே ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாம். இன்று கற்பவர் இன்னும் 60 ஆண்டு ஆடலாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

விளையாட்டு என்ன?

நான்கு பேர், எதிரெதிரே அமர்பவர்கள் ஒரு ஜோடி. 52 சீட்டுகள், ஆளுக்கு 13. ஒவ்வொருவரும் ஒரு சீட்டு இறக்க, அந்த நான்கில் பெரியது ஜெயிக்கும். இதுதான் ஒரு பிடி. மொத்தம் 13 பிடிகள். ஆடும் முன் ஏலம் நடக்கும்: "எங்கள் ஜோடி இத்தனை பிடி எடுக்கும், துருப்பு இது" என்று கேட்க வேண்டும். அதிகம் கேட்ட ஜோடி சொன்னபடி எடுத்தால் புள்ளி, எடுக்காவிட்டால் எதிரணிக்குப் புள்ளி. இன்று உலகம் முழுவதும் ஆடப்படும் வடிவத்தை 1925-இல் ஒரு கப்பல் பயணத்தின்போது அமெரிக்கரான ஹரால்டு வாண்டர்பில்ட் ஒழுங்குபடுத்தினார்.

304 ஆடிய வீடா?

தாத்தா பாட்டி யாழ்ப்பாணத்து வழி என்றால், வீட்டில் 304 தெரிந்தவர் ஒருவராவது இருக்க வாய்ப்பு உண்டு. பிரிட்டிஷ் காலத்தில் ரயில்வே, அரசாங்க அலுவலக வேலைகளுக்கு வந்த இலங்கைத் தமிழர்கள் பலர் குடியிருந்த பகுதிதானே பிரிக்பீல்ட்ஸ். கேரளா, தமிழ்நாட்டு வழிக் குடும்பங்களில் 28, 56 என்று இதன் உறவுக்காரர்கள் உண்டு.

பிரிட்ஜுக்கு மிகவும் கஷ்டமான அடிப்படைகள் இந்த ஆட்டங்களிலேயே இருக்கின்றன. எதிரே ஒரு கூட்டாளி, பிடி, துருப்பு, கேட்கிறது, இறக்கிய இனத்தையே போடவேண்டும் என்ற விதி. இவை கைவசம் இருந்தால் தொடக்க வகுப்பின் முதல் சில வாரங்கள் லேசாகப் போகும்.

ஆனால் சில பழக்கங்களை மறக்க வேண்டும். 304-இல் ஜாக்தான் ராஜா, அதற்கு 30 புள்ளி. அடுத்து ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, கிங்குக்கு 3, குயினுக்கு 2. நான்கு இனத்துக்கும் கூட்டினால் 304. பிரிட்ஜில் ஏஸ், கிங், குயின், ஜாக் என்று நேர் வரிசை. ஒன்பதைப் பார்த்து யாரும் சந்தோஷப்பட மாட்டார்கள். 304-இல் சீட்டுக்குள் இருக்கும் புள்ளியைச் சேர்க்கிறோம். பிரிட்ஜில் பிடிகளை எண்ணுகிறோம், ஏஸ் விழுந்த பிடியும் இரண்டு விழுந்த பிடியும் ஒன்றுதான். 304-இல் துருப்பைக் கவிழ்த்து வைத்து மறைப்பார்கள். பிரிட்ஜில் துருப்பு எல்லோருக்கும் தெரியும். அதைவிட விநோதம், முதல் சீட்டு இறங்கியதும் ஏலம் எடுத்தவரின் கூட்டாளி தன் 13 சீட்டையும் மேசையில் விரித்து வைத்துவிடுவார். அவர்தான் டம்மி. அந்தக் கைக்கும் சேர்த்து ஏலம் எடுத்தவரே ஆடுவார்.

முக்கியமான வித்தியாசம் ஒன்று பாக்கி. வீட்டு ஆட்டத்தில் பெரியப்பா இருமினால் அதற்கு ஒரு அர்த்தம் இருக்கும். பிரிட்ஜில் அது மோசடி. உங்கள் ஏலத்துக்கு என்ன பொருள் என்று எதிரணி கேட்டால், உங்கள் கூட்டாளி விளக்கியே ஆக வேண்டும். ரகசியம் சீட்டில் மட்டும்தான்.

தொடக்கநிலை: ஏலம் இல்லாமலே ஆடலாம்

நல்ல தொடக்க வகுப்பு ஏலத்தை முதல் நாளே திணிக்காது. பல நாடுகளில் மினிபிரிட்ஜ் என்ற எளிய வடிவத்தில் தொடங்குகிறார்கள். ஏஸுக்கு 4, கிங்குக்கு 3, குயினுக்கு 2, ஜாக்குக்கு 1 என்று ஒவ்வொருவரும் தன் புள்ளியைச் சொல்வார். கட்டில் மொத்தம் 40. அதிகப் புள்ளி உள்ள ஜோடி துருப்பைத் தேர்ந்து ஆடும்.

இந்த நிலையில் கற்கவேண்டிய தந்திரம் ஃபினெஸ். டம்மியிடம் ஏஸும் குயினும் இருக்கின்றன, கிங் எதிரணியில். உங்கள் கையிலிருந்து சின்னச் சீட்டு ஒன்றை இறக்குகிறீர்கள். இடப்பக்கத்தவரும் சின்னதைப் போட்டால், டம்மியிலிருந்து குயினைப் போடுங்கள். கிங் இடப்பக்கத்தில் இருந்தால் குயின் ஜெயிக்கும், வலப்பக்கத்தில் இருந்தால் தோற்கும். பாதிக்குப் பாதி. இது புரிந்த நாளில் பலருக்கு இந்த ஆட்டத்தின் மேல் பைத்தியம் பிடிக்கும்.

இடைநிலை: பலர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள்

ஏலம் ஒரு மொழி. ஒன்று முதல் ஏழு வரை எண்கள், நான்கு இனங்கள், துருப்பில்லாத ஆட்டத்துக்கு நோ-டிரம்ப், அதோடு பாஸ், டபுள், ரீடபுள். இவ்வளவு சொற்களை வைத்துக்கொண்டு 13 சீட்டை விவரிக்க வேண்டும். அதனால்தான் சேரும் முன் "எந்த ஏல முறையைச் சொல்லித் தர்றீங்க?" என்று கேளுங்கள்.

ஏன் கேட்க வேண்டும்? ஸ்டாண்டர்டு அமெரிக்கன் முறையில் "1 நோ-டிரம்ப்" என்று தொடங்கினால் பொதுவாக 15 முதல் 17 புள்ளி. ஏகோல் முறையில் அதே சொல்லுக்கு 12 முதல் 14. உங்களிடம் 9 புள்ளி இருக்கிறது என்று வையுங்கள். பெரிய போனஸ் தரும் "கேம்" எடுக்க ஜோடிக்குச் சுமார் 25 புள்ளி தேவை. கூட்டாளி சொன்னது எந்த முறை என்பதைப் பொறுத்து, நீங்கள் துணிய வேண்டும் அல்லது நிறுத்த வேண்டும். இரண்டு பேரும் இரண்டு இடத்தில் படித்துவிட்டு ஒரே மேசையில் உட்கார்ந்தால் சண்டைதான்.

304 ஆடியவர்களும் இங்கே தொடக்கத்திலிருந்துதான் வரவேண்டும். அங்கே எண்ணை மட்டும் உயர்த்துவோம், இங்கே ஒவ்வொரு ஏலமும் தகவல்.

மேல்நிலை: கணக்கும் தடுப்பும்

எதிரணியின் கையில் ஓர் இனத்தில் ஐந்து சீட்டு இருந்தால், அவை 3-2 என்று பிரிய வாய்ப்பு சுமார் 68 விழுக்காடு, 4-1 என்று பிரிய 28. இப்படி எண்ணி ஆடுவதும், ஏலம் எடுத்தவரைத் தடுக்கும் ஆட்டமும் இந்த வகுப்பின் பாடங்கள். கூடவே டூப்ளிகேட் போட்டி. ஒரே சீட்டுப் பகிர்வை வேறு வேறு மேசைகளில் ஆடவைத்து ஒப்பிடுவார்கள். "எனக்குக் கை சரியில்ல" என்று சொல்ல முடியாது, அதே கையை வைத்து அடுத்த மேசைக்காரர் என்ன செய்தார் என்பதுதான் கேள்வி.

எத்தனை வருடம் ஆடினீர்கள் என்பதை வைத்து வகுப்பைத் தேர்வு செய்யாதீர்கள். ஏலம் தெரியாவிட்டால் தொடக்கநிலை. ஏலம் தெரிந்தும் எதிரணி கையில் என்ன இருக்கிறது என்று ஊகிக்க முடியாவிட்டால் இடைநிலை.

எங்கே விசாரிப்பது?

நாட்டில் இந்த விளையாட்டுக்கான அமைப்பு மலேசிய காண்ட்ராக்ட் பிரிட்ஜ் சங்கம். வகுப்பு, கிளப் விவரங்களை அங்கிருந்து தொடங்கி விசாரிக்கலாம். தனியாக வந்தால் கூட்டாளி கிடைப்பாரா, பாடத்துக்குப் பிறகு ஆசிரியர் அருகில் இருக்க ஆடிப் பழக நேரம் உண்டா என்ற இரண்டையும் மறக்காமல் கேளுங்கள். பாடம் மட்டும் நடத்தும் வகுப்பில் பாதிப் பயன்தான்.

வகுப்பு இல்லாத நாட்களில் பிரிட்ஜ் பேஸ் ஆன்லைன் தளத்தில் ரோபோக்களுடன் இலவசமாகப் பழகலாம். கிள்ளானிலிருந்து கொமுட்டரில் கேஎல் சென்ட்ரல் வருபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: 24 கைகள் கொண்ட டூப்ளிகேட் ஆட்டம் முடிய மூன்று மணி நேரம் ஆகலாம். மாலை ஆட்டம் என்றால் கடைசி ரயில் நேரத்தை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் போட்டியில் யாராவது கையை உயர்த்தி "டைரக்டர்!" என்று கூப்பிட்டால் பதற வேண்டாம். முறை மாறிச் சீட்டு இறக்கிவிட்டால் நடுவரை அழைப்பது வழக்கம், உங்கள் மேல் புகார் இல்லை. அவர் வந்து விதியைச் சொல்வார், ஆட்டம் தொடரும்.