நீளத் துவக்கும் எங்கட ஒழுங்கைகளும்

ரொறன்ரோவில் லேக் ஷோர் வீதியால் மேற்கே போனால், எட்டோபிக்கோ முடிந்து மிசிசாகா தொடங்குகிற இடத்தில் ஒரு பழைய செங்கல் கட்டடம் நிற்கிறது. இப்போது அது கண்காட்சிகள், நிகழ்ச்சிகள் நடக்கிற கலைக்கூடம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் லோங் பிராஞ்ச் துவக்குத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கட்டடமாக இருந்தது. வேலை செய்தவர்களில் பெரும்பகுதி பெண்கள். 303 என்று எங்கட ஆக்கள் சொல்லும் லீ என்பீல்ட் துவக்குகள் ஒன்பது இலட்சத்துக்கு மேல் அந்தத் தொழிற்சாலையில் செய்திருக்கிறார்கள்.

1955இல் கனடா, பெல்ஜியத்தின் எப்.என். பால் துவக்கைத் தன் இராணுவத்துக்கு எடுத்தது. அதை எடுத்த முதல் நாடுகளில் கனடாவும் ஒன்று. சி1 என்று பெயர் வைத்து லோங் பிராஞ்சிலேயே செய்தார்கள். அந்த சி1 எங்களுக்குப் புதிய ஆள் இல்லை. ஊரில் நாங்கள் எஸ்.எல்.ஆர். என்று சொன்ன துவக்கின் சகோதரம்தான். ஒருமுறை விசையை இழுத்தால் ஒரு வெடி, அடுத்த ரவையைத் தானே ஏற்றிக்கொள்ளும்.

இதன் குழல் 21 அங்குலம், 533 மில்லிமீற்றர். முழுத் துவக்கும் ஏறத்தாழ 1.14 மீற்றர். ஏன் இவ்வளவு நீளம்?

மருந்து எரிந்து வரும் வாயு, ரவை குழலுக்குள் இருக்கும் வரைதான் அதைத் தள்ள முடியும். பெரிய ரவைக்கூட்டில் மருந்து அதிகம். அது பயன்பட வேண்டுமென்றால் குழலும் நீள வேண்டும். எஸ்.எல்.ஆர். ரவை செக்கனுக்கு ஏறத்தாழ 840 மீற்றர் வேகத்தில் வெளியேறும். ஏ.கே. 47இன் ரவைக்கூடு சின்னது, மருந்து குறைவு. 415 மில்லிமீற்றர் குழல் அதற்குப் போதும். வேகம் 715 மீற்றர் அளவில். குழல் நீளமென்றால் குறி தானாகத் திருந்தும் என்று கனபேர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. இரண்டு குறிமுனைகளுக்கும் இடையில் தூரம் கூடுவதால் கண்ணுக்கு உதவி, அவ்வளவுதான்.

இதில் விசேஷம் என்னவென்றால், எப்.என். பால் பெரிய ரவைக்காகப் பிறந்ததே இல்லை. அதை வடிவமைத்த டியூடொன்னே செவ், 1940களின் கடைசியில் ஜேர்மன்காரரின் குட்டை ரவையை வைத்துத்தான் வேலையைத் தொடங்கினார். போரில் சிப்பாய்கள் பெரும்பாலும் 300, 400 மீற்றருக்குள்தான் சுடுகிறார்கள் என்று ஜேர்மன்காரர் கண்டுபிடித்திருந்தார்கள். ஆனால் அமெரிக்கா பெரிய ரவைதான் வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றது. நேட்டோ அதற்கு இணங்கியது. துவக்கும் அதற்கேற்ப வளர்ந்தது. திறந்த வெளியில் தூரத்து எதிரியைச் சுடும் கணக்கு அது.

இந்தக் கணக்குத்தான் யாழ்ப்பாணம் வரை வந்தது. 1962 சீனப் போரில் 303ஓடு நின்ற இந்தியா, அதன் பிறகு மேற்கு வங்காளத்தின் இச்சாப்பூரில் எஸ்.எல்.ஆரின் தன் வடிவத்தைச் செய்தது. 1987 யூலை 29 ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்த இந்தியப் படையின் கையில் அதுதான் இருந்தது. எனக்கு அப்போது பத்து வயது. சண்டை தொடங்க முதல், ஒழுங்கையால் அவர்கள் ரோந்து போவதை வேலிப்பொட்டுக்குள்ளால் பார்ப்போம். படலையால் உள்ளே திரும்பும்போது குழலை மேலே தூக்கித்தான் திரும்புவார்கள். சில இடத்தில் கிடுகு வேலியில் மாட்டும். சின்னக் குசினிக்குள் நீட்டுக் கத்தியோடு திரும்புகிறவனைப் பார்த்தால் எனக்கு இப்போதும் அது ஞாபகம் வரும்.

ஒக்ரோபரில் சண்டை தொடங்கியது. புலிகளிடம் ஏ.கே. வகை இருந்தது. நீளம் 90 சென்ரிமீற்றருக்குள், தொடர்ந்தும் சுடும். மதிலுக்கும் மதிலுக்கும் இடையில், ஐம்பது மீற்றர்கூட இல்லாத தூரத்தில், 600 மீற்றருக்குச் செய்த துவக்கு என்ன செய்யும்? சண்டையைக் குழல் மட்டும் தீர்மானிக்கவில்லை. கண்ணிவெடி, ஊர் தெரிந்திருந்தது, வேவுத் தகவலில் பிழை என்று பல காரணம் உண்டு. ஆனாலும் இந்தியப் படைக்குப் பிறகு ஏ.கே. வகைத் துவக்குகள் வந்தன. 1990களில் சின்ன ரவை சுடும் இன்சாஸ் வந்தது. கனடாவும் 1980களில் சி1ஐக் கைவிட்டு, கிச்சினரில் செய்த சி7க்கு மாறியது.

இதில் சனத்தின் கணக்கு எங்கேயும் இல்லை. தூரத்துக்குச் செய்த ரவை பக்கத்தில் சுட்டாலும் நிற்காது. சீமெந்துக் கல் மதிலையும் துளைக்கும், மறுபக்கம் யார் இருக்கிறார்கள் என்று அது கேட்பதில்லை. வீட்டுக்குள் நிலத்தோடு படுத்துக் கிடந்த ஆக்களுக்கு 21 அங்குலமா 16 அங்குலமா என்பது ஒன்றுதான்.

கனடாச் சட்டமும் குழலை அளக்கிறது. உணவகத்தில் என்னோடு வேலை செய்கிற தம்பி ஒருவர் வேட்டைக்குப் போகிறவர். “பதினெட்டரை அங்குலம் இருந்தால் பிரச்சினை இல்லை அண்ணை” என்று முன்பு சொல்லுவார். அவர் சொன்னது 470 மில்லிமீற்றர் விதி. நடுவெடிப்பு ரவை சுடும் செமி ஓட்டோமற்றிக் துவக்கின் குழல் அதற்குக் குறைந்தால், அது கட்டுப்படுத்தப்பட்ட வகைக்குள் போகும். காரணம் எளிது. குட்டைத் துவக்கைச் சட்டைக்குள் மறைக்கலாம்.

ஆனால் 1989 டிசம்பர் 6, மொன்றியல் பொலிரெக்னிக்கில் பதினான்கு பெண்களைக் கொன்றவன் கொண்டுவந்தது ருகர் மினி 14. பதினெட்டரை அங்குலக் குழலோடு வந்த அந்த மாதிரி அதன் பிறகும் முப்பது வருடம் கட்டுப்பாடில்லாத வகையில்தான் விற்கப்பட்டது. நோவா ஸ்கோஷியாவில் 22 பேர் கொல்லப்பட்ட பிறகு, 2020 மே 1 அன்றுதான் 1500 மாதிரிகளோடு அதையும் தடை செய்தார்கள். சட்டம் மறைக்கிற வசதியை அளந்தது. கொல்லுகிற வசதியை அளக்கவில்லை.

எந்த நீளம் சரி என்பது எவ்வளவு தூரத்தில் ஆரைச் சுடப்போகிறோம் என்ற கேள்விதான். மான் வேட்டைக்குப் போகிறவருக்கு அதற்குப் பதில் உண்டு. எங்கட ஒழுங்கைக்கு அந்தப் பதிலை வோஷிங்டனிலும் நேட்டோவிலும் எப்போதோ எழுதி முடித்துவிட்டார்கள். அதைச் சுமந்து வந்த சிப்பாயையும் கேட்கவில்லை, வேலிக்குப் பின்னால் நின்ற எங்களையும் கேட்கவில்லை.