தம் சொற்களைத் தாமே கண்ட மருத்துவர்



"ஐயா, என் கட்டுரையைப் பார்த்து எழுதிவிட்டான்" என்று மாணவர் ஒருவர் முறையிட்டால், "போய் உட்கார், பிறகு பார்க்கலாம்" என்று அனுப்பிவிடுவது நம்மில் பலருக்கும் வழக்கம். நானும் அவ்வாறு செய்ததுண்டு. அமெரிக்க மருத்துவ உலகிலும் இத்தகைய முறையீடு ஒன்று ஏறத்தாழ ஓராண்டுக் காலம் தீராமல் கிடந்தது. எழுத்துத் திருட்டைத் தடுக்க விரும்பும் எவரும் அறிய வேண்டிய வரலாறு அது.

மருத்துவ ஆய்விதழ் ஒன்றுக்குக் கட்டுரை அனுப்பினால், அதன் ஆசிரியர் அதே துறை வல்லுநர் சிலரிடம் அதனைக் கொடுத்துக் கருத்துக் கேட்பார். அச்சேறாத கட்டுரை அவ்வாறு அயலார் கைக்குச் செல்கிறது. இம்முறை முழுவதும் நம்பிக்கையின் மேல் நிற்பதாகும்.

1978-ஆம் ஆண்டு நவம்பரில், அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கழகங்களில் பணியாற்றிய ஹெலெனா வாக்ஸ்லிக்ட்-ரோட்பார்ட் என்னும் இளம் ஆய்வாளர், 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆப் மெடிசின்' இதழுக்குக் கட்டுரை ஒன்றை அனுப்பினார். உணவை மறுத்து உடல் மெலியும் அனொரெக்சியா நோயாளிகளின் இரத்த அணுக்களில் இன்சுலின் பிணையும் விதம் பற்றியது அது. மதிப்பாய்வுக்காக அக்கட்டுரை யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிலிப் பெலிக்கிடம் சென்றது. அவர் அதனைத் தம் உதவிப் பேராசிரியர் விஜய் சோமனிடம் காட்டினார். பின்னர், அதனை வெளியிட வேண்டா என்றே இதழுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

சில வாரங்களில் சோமன், பெலிக் இருவர் பெயரிலும் அதே பொருளில் ஒரு கட்டுரை வேறோர் ஆய்விதழுக்குச் சென்றது. அவ்விதழ் அதனை மதிப்பாய்வுக்கு அனுப்பியது, ஹெலெனாவின் ஆய்வகத் தலைவரான ஜெஸ்ஸி ரோத்துக்கு! அவரோ அதனை ஹெலெனாவிடமே படிக்கக் கொடுத்தார். படித்தவர் திகைத்தார். தாம் எழுதிய தொடர்கள் சொல் மாறாமல் அங்கே இருந்தன.

ஹெலெனா இதழாசிரியருக்கு எழுதினார். 1979 மார்ச்சில் யேல் மருத்துவக் கல்லூரி முதல்வருக்கும் எழுதினார். சொற்கள் களவு போனது மட்டுமன்று, அத்தகைய ஆய்வு அங்கு நடந்ததா என்பதே ஐயம் என்றார். ரோத்தும் பெலிக்கும் இளமை முதல் நண்பர்கள். சோமன் தம் தவற்றை ஒப்புக்கொண்டார், ஆனால் ஆய்வு உண்மையே என்று பெலிக் உறுதி கூறினார். பெரியவர்கள் அவ்வுறுதியை ஏற்றனர். 1979 ஏப்ரலில் ஹெலெனாவின் கட்டுரை வெளிவந்துவிட்டதால், சிக்கல் தீர்ந்ததாகவே பலரும் கருதினர். 1980 சனவரியில் சோமனின் கட்டுரையும் அச்சேறியது.

ஹெலெனா விடவில்லை. இறுதியில் 1980 பிப்ரவரியில், போஸ்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜெப்ரி பிளையர் யேலுக்குச் சென்றார். "நோயாளிகளின் குறிப்பேடுகளைக் காட்டுங்கள்" என்பதே அவர் கேட்டதன் சாரம். குறிப்புகள் முழுமையாக இல்லை. இருந்தவையும் கட்டுரையோடு ஒத்துவரவில்லை. ஓராண்டாக அவிழாத முடிச்சு ஒரே நாளில் அவிழ்ந்தது. சோமன் பதவி விலகினார். தொடர்ந்து பல கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. நகலெடுத்தவர் பெலிக் அல்லர். எனினும், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாம் புதிதாக ஏற்ற உயர்பதவியை அவர் துறக்க நேர்ந்தது. உண்மையை உரைத்த ஹெலெனாவோ ஆய்வுத்துறையை விட்டே விலகி, நோயாளிகளைக் கவனிக்கும் மருத்துவப் பணிக்குச் சென்றுவிட்டார். இவ்வரலாற்றில் என் மனத்தை மிகவும் வருத்துவது இதுதான்.

இதன் பின்னர்த் தடுப்பு முறைகள் வளர்ந்தன. 1992-இல் அமெரிக்க அரசு ஆய்வு நேர்மைக்கான அலுவலகத்தை நிறுவியது. 1997-இல் பிரிட்டனில் மருத்துவ இதழாசிரியர்கள் பதிப்பு அறத்துக்கான குழுவை அமைத்தனர். 2008-இல், வந்துசேரும் கட்டுரைகளை வெளிவந்தவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும் கிராஸ்செக் என்னும் கணினிச் சேவை தொடங்கப்பட்டது.

இவை யாவும் தேவையே. ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஹெலெனாவின் கட்டுரை களவு போனபோது அது அச்சேறவே இல்லை. வெளிவந்தவற்றோடு மட்டும் ஒப்பிடும் கணினி அன்று இருந்திருந்தாலும் அக்களவைக் கண்டிருக்காது. கண்டவர், எழுதியவரே. அவர் சொல்லைப் பொறுமையாகக் கேட்டு, மூலக் குறிப்புகளைக் கேட்டுப் பார்ப்பதற்கு ஒருவர் வந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது.

நம் வகுப்பறைக்கும் இவ்விரண்டும் பொருந்தும். திரட்டேட்டின் அழகிய அட்டையை மட்டும் பார்த்துப் புள்ளி வழங்காமல், மாணவர் அடித்துத் திருத்திய முன்வரைவையும் கேட்போம். பெற்றோர்களே, பிள்ளையின் திரட்டேட்டை நீங்களே செய்து கொடுக்காதீர்கள். "இது என்னுடையது" என்று ஒரு குழந்தை நம்மிடம் வந்து நின்றால், பிறகு பார்க்கலாம் என்று சொல்லாமல் அப்போதே கேட்போம். உழைத்த பிள்ளை ஒதுங்கிப்போக நாம் காரணமாகிவிடக் கூடாது.

சிந்திப்போம், செயற்படுவோம்.