லாடம், ஆணி, கொஞ்சம் கைமா

முன் டிஸ்கி: இது மாட்டுக்கறி பத்தின பதிவு. ஆகாதவங்க இப்பவே அப்பீட் ஆயிடலாம், கோச்சுக்க மாட்டேன் :-)

இல்லினாய் மாநிலத்துக்குத் தலைநகரம் சிகாகோன்னுதான் நான் ரொம்ப நாளா நினைச்சிருந்தேன், ஆபீஸ்ல டிக்கெட்டைக் கையில குடுத்து ஸ்ப்ரிங்ஃபீல்டுக்குப் போன்னு சொல்ற வரைக்கும். சிகாகோவில இருந்து தெற்கே முந்நூத்திச் சொச்சம் கிலோமீட்டர். ஒரு லட்சத்துப் பதினாலாயிரம் பேர் இருக்கிற ஊர். லிங்கன் குடியிருந்த வீடு, அவரோட சமாதி, மாநிலச் சட்டசபை, இந்த மூணையும் பாத்து முடிச்சா ஊர் சுத்தின கணக்கு முடிஞ்சுது. மிச்ச நேரமெல்லாம் ஆணி புடுங்குற வேலைதான்.

முதல் வாரமே டீமோட மதியச் சாப்பாடு. "இந்த ஊருக்கு வந்துட்டு ஹார்ஸ்ஷூ சாப்பிடாம போகக் கூடாது"ன்னு மேனேஜர் கட்டளை. ஹார்ஸ்ஷூன்னா லாடம். வந்து இறங்கின தட்டைப் பாத்து மிரண்டுட்டேன். கீழே தடிமனா ரெண்டு துண்டு டோஸ்ட். அதுக்கு மேல வறுத்த பீஃப் கைமா வட்டை. அதுக்கு மேல மலை மாதிரி உருளைக்கிழங்கு ஃப்ரைஸ். இது எல்லாத்தையும் மூழ்கடிச்சு சூடா சீஸ் சாஸ். சாண்ட்விச்னா மேலயும் கீழயும் ரொட்டி இருக்கணும் இல்லையா? இதுல மேல்மாடியே கிடையாது. கையில எடுத்தா அவ்ளோதான், சட்டைக்கு அபிஷேகம்.

ஆர்டர் பண்ணும்போதே பக்கத்துல இருந்த நம்ம ஊர் சீனியர் ஒருத்தர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "தம்பி, நீங்க பீஃப் சாப்பிடுவீங்களா?" சாதாரணக் கேள்விதான். ஆனா நம்ம ஊர்ல பிறந்தவங்களுக்குத் தெரியும், அந்தக் கேள்விக்குள்ள இன்னொரு கேள்வி உக்காந்திருக்கும். "சாப்பிடுவேன் சார்"னு சொன்னேன். அதுக்கப்புறம் அவர் என்கிட்ட கிரிக்கெட் மட்டும்தான் பேசினார்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். எங்க வீட்ல மாசத்துக்கு ரெண்டு ஞாயித்துக்கிழமை மாட்டுக்கறி உண்டு. அப்பா விடியக்காலையிலயே கிளம்பி, பேப்பர்ல சுத்தி மஞ்சப்பைக்குள்ள வெச்சு எடுத்துட்டு வருவார். நாங்க இருந்தது வாடகை வீடு. வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா காலி பண்ணச் சொல்லிடுவார். அதனால குக்கர் அடுப்புல ஏறுறதுக்கு முன்னாடி அம்மா ரெண்டு ஜன்னலையும் சாத்துவாங்க. யாராவது என்ன குழம்புன்னு கேட்டா மட்டன்னு சொல்லணும். மே மாச வெயில்ல ஜன்னலைச் சாத்தின சமையக்கட்டு எப்படி இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்குங்க.

அப்படி வளந்தவனுக்கு, ஒரு ஊரே தன் அடையாளம்னு பெருமையா ஒரு மாட்டுக்கறித் தட்டை முன்னாடி நீட்டினா என்ன தோணும்? இது எப்படி நடந்துச்சுன்னு தோண்டணும்னுதான் தோணுச்சு. தோண்டினேன். முதல் ஆச்சரியம்: இது ஆரம்பத்துல மாட்டுக்கறியே இல்ல!

ஸ்ப்ரிங்ஃபீல்டில் ஆறாவது தெருவும் கேப்பிட்டல் அவென்யூவும் சேர்ற முனையில லீலண்ட் ஹோட்டல்னு ஒண்ணு இருந்தது. சட்டசபை உறுப்பினர்கள் வந்து தங்குற பெரிய ஹோட்டல். கட்டடம் இன்னும் நிக்குது, ஆனா ஹோட்டல் போய் அரசு அலுவலகம் வந்துடுச்சு. 1928-ல் அங்கே சமையல்காரரா இருந்த ஜோ ஷ்வெஸ்காதான் இந்தத் தட்டைக் கண்டுபிடிச்சார்னு ஊர் சொல்லுது. மதியச் சாப்பாட்டுக்குப் புதுசா என்ன போடலாம்னு அவர் யோசிச்சப்போ, வெல்ஷ் ரேர்பிட் மாதிரி ஒரு சீஸ் சாஸை ஊத்திப் பாருங்களேன்னு யோசனை குடுத்தது அவர் மனைவி எலிசபெத். அதே சமையக்கட்டுல கைவேலைக்கு இருந்த ஸ்டீவ் டோம்கோவுக்கும் இதுல பங்கு உண்டுன்னு சொல்றவங்க இருக்காங்க. பின்னாடி பல உணவகங்களுக்கு இதைக் கொண்டு போனவர் அவர்.

பேர் வந்த கதைதான் சூப்பர். எலும்போட இருக்கிற பன்றித் தொடையில இருந்து, அதாவது ஹாம்ல இருந்து, ஒரு துண்டு அறுத்தா அது லாடம் மாதிரி வளைஞ்சு இருக்கும். சூடா பரிமாறுற உலோகத் தட்டு கொல்லன் பட்டறையில இருக்கிற பட்டடை. சுத்தி வைக்கிற உருளைக்கிழங்குத் துண்டுகள் லாடத்தை அடிக்கிற ஆணிகள்! ஆணி புடுங்க வந்தவனுக்குத் தட்டு நிறைய ஆணி :-)

அந்த சாஸுக்கு வயசு இன்னும் அதிகம். வெல்ஷ் ரேர்பிட்டோட பழைய பேர் வெல்ஷ் ரேபிட். வேல்ஸ்காரனுக்கு முயல்கறி வாங்கக்கூட வக்கில்ல, உருக்கின சீஸ்தான் அவனுக்கு முயல்னு இங்கிலீஷ்காரன் பண்ணின கிண்டல் அது. 1747-ல் வந்த ஹன்னா கிளாஸோட சமையல் புத்தகத்துலயே வெல்ஷ் முயல், ஸ்காட்ச் முயல், இங்கிலீஷ் முயல்னு மூணு செய்முறை இருக்கு. மூணுலயும் முயல் கிடையாது. இந்தக் கிண்டல் நாளாக நாளாக நாசூக்காகி, 1785 வாக்கில் 'ரேர்பிட்'னு எழுத ஆரம்பிச்சாங்க. ஏழையைக் கேலி பண்ண வெச்ச பேரு, ஸ்பெல்லிங் மாத்தினதும் ஹோட்டல் மெனுவுக்கு வந்துடுச்சு.

இதுல ஒரு பக் இருக்கு. ரேர்பிட் சாஸ்ல வழக்கமா பீர் சேப்பாங்க. ஹார்ஸ்ஷூவோட "ஒரிஜினல்" செய்முறைன்னு சுத்துறதுலயும் பீர் இருக்கும். ஆனா 1928-ல் அமெரிக்கா முழுக்க மதுவிலக்கு! 1920-ல் ஆரம்பிச்சது, லேசான பீரே 1933 ஏப்ரல்லதான் திரும்ப வந்தது. அப்போ அந்த பீர் ஒண்ணு போதையில்லாத 'நியர் பீரா' இருக்கணும், இல்ல 1933-க்கு அப்புறம் யாரோ சேத்திருக்கணும். சட்டசபைக்காரங்க தங்குற ஹோட்டல்ங்கிறதால மூணாவது வாய்ப்பும் உண்டு, அதை நான் சொல்லல :-)

1928-க்கு இன்னொரு விசேஷமும் உண்டு. மெஷின்ல துண்டு போட்ட ரொட்டி முதன்முதலா விற்பனைக்கு வந்தது அந்த வருஷம் ஜூலை 7-ம் தேதி, பக்கத்து மாநிலமான மிசௌரியில, சில்லிகாத்திங்கிற ஊர்ல. உருக்கினாலும் எண்ணெய் பிரியாத பதப்படுத்தின சீஸுக்கு ஜே.எல்.கிராஃப்ட் 1916-ல் காப்புரிமை வாங்கியிருந்தார். அவரும் சிகாகோவில குதிரை வண்டியில சீஸ் வித்து மேல வந்த ஆளு. ஹார்ஸ்ஷூவுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 1926-ல், கென்டக்கி மாநிலம் லூயிவில்ல பிரௌன் ஹோட்டல் சமையல்காரர் ஃப்ரெட் ஷ்மிட், டோஸ்ட் மேல வான்கோழியும் சீஸ் சாஸும் போட்டு, மேல்நெருப்புல வாட்டி 'ஹாட் பிரௌன்'னு குடுத்துட்டிருந்தார். ரொட்டி மேல கறி, கறி மேல சீஸ், அதுக்கு மேல சூடு. அந்தக் காலத்து ஹோட்டல் சமையக்கட்டுகள்ல இந்தக் காத்து அடிச்சிருக்கு.

சரி, ஹாம் எப்போ கைமா ஆச்சு? எனக்குப் பிடிச்ச இடமே இதுதான்.

1920-கள்ல ஒரு நல்ல ஹோட்டல் சமையல்காரர் கைமாவைத் தட்டுல வைக்க யோசிச்சிருப்பார். காரணம் அதே இல்லினாய்ல இருந்துதான் கிளம்புச்சு. சிகாகோவோட யூனியன் ஸ்டாக்யார்ட்ஸ், 1865-ல் திறந்த பிரம்மாண்டமான கால்நடைச் சந்தை. அதைச் சுத்தி இருந்த கறி ஆலைகளை வெச்சு அப்டன் சின்க்ளேர் எழுதின 'த ஜங்கிள்' நாவல் 1906-ல் புத்தகமா வந்தது. அவர் எழுதினது அங்கே வேலை பாத்த புலம்பெயர்ந்த தொழிலாளிகளோட நரகத்தை. படிச்சவங்களுக்கு மனசுல நின்னதோ, நம்ம கறிக்குள்ள என்னத்தை எல்லாம் அரைச்சுப் போடுறாங்கங்கிற அருவருப்பு. அந்த வருஷமே கறி ஆய்வுச் சட்டம் வந்துடுச்சு. தொழிலாளிக்கு அந்த வேகத்துல ஒண்ணும் வரல. அரைச்ச கறின்னாலே கழிவு, கெட்டுப்போனது, வழியில்லாதவன் தின்றதுங்கிற பேர் மட்டும் ஒட்டிக்கிச்சு.

அந்தப் பேரைக் கழுவ என்னல்லாம் பண்ணினாங்கன்னு பாருங்க. 1921-ல் கன்சாஸ் மாநிலம் விச்சிட்டாவில 'வொய்ட் காசில்' கடை ஆரம்பிச்சது. பேர்லயே வெள்ளை. சுவர் வெள்ளை, வேலை செய்றவங்க உடுப்பு வெள்ளை, கண்ணு முன்னாடியே சமையல். 1930-ல் ஒரு மருத்துவ மாணவரைப் பிடிச்சு, 13 வாரம் அவங்க பர்கரும் தண்ணியும் மட்டும் குடுத்து, பாத்தீங்களா நல்லாத்தான் இருக்கார்னு விளம்பரமே பண்ணினாங்க! அழுக்குன்னு ஒரு சாப்பாட்டு மேல முத்திரை குத்திட்டா, அதை எடுக்க ஒரு தலைமுறையே வெள்ளையடிக்கணும் போல.

அப்புறம் 1930-கள்ல பஞ்சம் மாதிரி ஒரு பொருளாதார வீழ்ச்சி. அடுத்து போர். 1943 மார்ச்ல இருந்து கறி, சீஸ், வெண்ணெய் எல்லாத்துக்கும் ரேஷன், சிவப்புப் புள்ளிக் கணக்கு. நல்ல ஸ்டேக்கை விட கைமாவுக்குப் புள்ளி கம்மி. மூக்கைச் சுளிச்ச வீடுகளுக்குள்ளயும் கைமா நுழைஞ்சது அப்படித்தான். போர் முடிஞ்சு, சோளம் போட்டுக் கொழுக்க வெச்ச மாடுகள் வந்ததும், 1950-கள்ல மாட்டுக்கறி பன்றிக்கறியை முந்திடுச்சு. ரே கிராக் தன் முதல் மெக்டொனால்ட்ஸைத் திறந்தது 1955 ஏப்ரல்ல, அதுவும் இல்லினாய்லதான், டெஸ் ப்ளெய்ன்ஸ்ல. அமெரிக்கர்கள் தலைக்கு அதிகமா மாட்டுக்கறி தின்னது 1976-ல்.

ஹோட்டலை விட்டு பார், டைனர்னு இறங்கின ஹார்ஸ்ஷூவும் இந்த வெள்ளத்தோட போச்சு. என் கணக்கு சிம்பிள்: தொடை எலும்பைச் சுத்தி லாடமா அறுக்க நல்ல கத்தியும் தேர்ந்த கையும் வேணும். கைமா வட்டையை யார் வேணா கல்லுல போட்டு எடுக்கலாம், விலையும் கம்மி. ஆக, லாடம் மாதிரி இருந்த அந்த ஒரே துண்டும் போயிடுச்சு, 'லாடம்'ங்கிற பேர் மட்டும் இருக்கு. இன்னிக்கு சிக்கன், வான்கோழி எல்லாம் போட்டுத் தர்றாங்க, ஆனா சும்மா ஹார்ஸ்ஷூன்னு கேட்டா பெரும்பாலும் வர்றது பீஃப்தான். பாதி அளவு வேணும்னா 'போனி ஷூ', குட்டிக் குதிரை லாடம். அதுவே எனக்கு ஜாஸ்தி.

போன சனிக்கிழமை ரூம்மேட்ஸுக்கு இதை அவன்ல செஞ்சு போட்டேன். நாலு பேருக்கு அரைக் கிலோ கைமா, இருபது சதவீதம் கொழுப்பு உள்ளது. ஒரு பெரிய வெங்காயம், மிளகு, உப்பு போட்டு வதக்கி, வடிஞ்ச கொழுப்புல பாதியை எடுத்துடணும், இல்லேன்னா ரொட்டி சொதசொதன்னு ஆயிடும். ரொட்டியை முன்னாடியே தனியா நல்லா முறுகலா சுட்டு வெச்சுக்கணும். இந்த ரெண்டையும் முதல் தடவை நான் செய்யல, கிடைச்சது பொங்கல் :-(

சாஸுக்கு ரெண்டு ஸ்பூன் வெண்ணெய், ரெண்டு ஸ்பூன் மைதா. பச்சை வாசனை போக வறுத்து, ஒரு கப் பால் கொஞ்சம் கொஞ்சமா ஊத்திக் கலக்கி, கெட்டியானதும் அடுப்பை அணைச்சுட்டு அப்புறம்தான் இருநூறு கிராம் செடார் துருவல். கொதிக்கும்போது போட்டா திரிஞ்சிடும். கடுகுப் பேஸ்ட் கொஞ்சம், மிளகாத்தூள் நம்ம கைக்கு. ட்ரேல ரொட்டி, மேல கைமா, மேல சாஸ். 200 டிகிரியில பத்து நிமிஷம், கடைசி ரெண்டு நிமிஷம் மேல்நெருப்பு. சீஸ்ல அங்கங்கே பழுப்பா பொட்டு விழணும். ஃப்ரைஸ் மேல வைக்கிறது எடுத்த பிறகுதான்.

கைமாவை மட்டும் அரைவேக்காடா விடாதீங்க. முழுத் துண்டுக் கறியில கிருமி பெரும்பாலும் மேல்பரப்புலதான் இருக்கும், சுட்டா செத்துடும். அரைக்கும்போது அது உள்ளயும் போயிடும். 1993-ல் ஒரு பர்கர் கடைச் சங்கிலியில வேகாத வட்டைகளால ஈ.கோலை பரவி எழுநூறு பேருக்கு மேல படுத்தாங்க, நாலு குழந்தைகள் செத்துப் போனாங்க. உள்ளே 71 டிகிரி செல்சியஸ் வரணும்.

ட்ரேயை வெளிய எடுக்கிற நேரம் அம்மா வீடியோ கால். காமிச்சேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு உத்துப் பாத்தாங்க.

"என்னப்பா அது, கைமாவா?"

"ஆமாம்மா. பீஃப்."

ரெண்டு செகண்ட் பேச்சில்ல. அப்புறம், குரல் தானா இறங்கி, "ஜன்னலைச் சாத்திட்டியா?"ன்னு கேட்டாங்க.

"சாத்தினா ஸ்மோக் அலாரம் அடிச்சு ஃபயர் வண்டி வந்துடும்மா. இங்கே திறந்து வெச்சுதான் சமைக்கணும்."

"எல்லா ஜன்னலுமா?"ன்னாங்க. போனைத் திருப்பிக் காமிச்சேன்.