மலையேறி வந்த போத்தல்

1955இல் இங்கிலாந்தின் ஜீலட்ஸ் ஹில் ஆய்வு நிலையத்தில் ஐ.சி.ஐ. நிறுவனத்தின் விஞ்ஞானிகள் ஒரு பழைய இரசாயனத்தை இலைகளின் மேல் தெளித்துப் பார்த்தார்கள். 1882 முதல் வேதியியலாளர்கள் அறிந்திருந்த பொருள்தான் அது. ஆய்வுக்கூடத்தில் நிறம் மாறிக் காட்டும் சாயமாக மட்டுமே அதுவரை பயன்பட்டது. பச்சை இலையில் பட்டதும் வெயிலில் சில மணி நேரத்திலேயே இலை கருகியது. மண்ணில் விழுந்தால் களிமண்ணோடு ஒட்டி அடங்கிப்போனது. 1962இல் அது களைக்கொல்லியாகச் சந்தைக்கு வந்தது. இரசாயனத்தின் பெயர் பரகுவாட். போத்தலின் மேல் இருந்த பெயர் கிரமக்சோன்.

தேயிலைக்கும் ரப்பருக்கும் இதைவிடப் பொருத்தமான மருந்து இல்லை என்று அந்நாளில் எண்ணினார்கள். அதற்கு நியாயமும் இருந்தது. இலங்கையின் ஊவா மலைகளில் தேயிலை நிற்பது செங்குத்தான சரிவுகளில். வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் மலை எப்போதும் துடைத்துவிட்டதுபோல் இருக்க வேண்டும். சுரண்டியால் மேல்மண்ணோடு சேர்த்துப் புல்லைச் சுரண்டி எடுப்பார்கள். அடுத்த மழைக்கு அந்த மண் ஆற்றுக்குப் போய்விடும். ஒரு நூற்றாண்டுக் காலம் இப்படி மண்ணை இழந்த தோட்டங்களுக்கு, வேரை மண்ணிலேயே விட்டுவிட்டு மேலே உள்ள பச்சையை மட்டும் எரிக்கும் மருந்து பெரிய உதவியாகத் தெரிந்தது. ஆள் செலவும் மிச்சம். பல பேர் நாள்கணக்கில் புல்லு வெட்டிய மலையை, முதுகில் மருந்துத் தாங்கியைச் சுமந்த சிலர் முடித்துவிடலாம்.

அப்படித்தான் அது கொழும்புத் துறைமுகத்தில் இறங்கி பண்டாரவளை, அப்புத்தளை, ஹாலிஎல, பசறை, நமுனுகுலை, மடுல்சீமைப் பக்கத் தோட்டங்களுக்கு ஏறி வந்தது. தோட்டத்து ஸ்டோரில் அது பூட்டிய அறையில் இருக்கும். காலையில் பிரட்டில் பேர் போட்டதும் மருந்து அடிக்கிற ஆட்களுக்கு அளந்து கொடுப்பார்கள். பெரும்பாலும் ஆண்கள் பார்த்த வேலை அது. கையுறையும் முகமூடியும் போதனைத் தாளில் இருந்தன. மலையில் பார்ப்பது அரிது.

ஸ்டோரிலிருந்து லயத்துக்கு அது போன கதையை எந்தக் கணக்குப் புத்தகமும் எழுதி வைக்கவில்லை. லயத்தைச் சுற்றி ஒவ்வொரு குடும்பத்துக்கும் சிறு காய்கறித் துண்டு இருக்கும். போஞ்சியும் லீக்ஸும் கிழங்கும் போடுவார்கள். மலையில் அடித்து மிஞ்சிய மருந்து ஒரு சோடாப் போத்தலில் வீட்டுக்கு வரும். வெலிமடை, ஊவா பரணகமப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களில் கூலி வேலைக்குப் போகிறவர்கள் அங்கிருந்தும் கொண்டுவருவார்கள். டவுன் கடைகளிலும் தாராளமாகக் கிடைத்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஐந்தாறு பேர் வாழ்கிறார்கள். அதில் போத்தலை வைக்க இடம் எங்கே? கூரைச் சட்டத்தில், கட்டிலுக்கடியில், இஸ்தோப்பு மூலையில் வைத்தார்கள். அந்த வீட்டிலேயே கடன் இருந்தது, கசிப்பு இருந்தது, அடி உதை இருந்தது, பரீட்சையில் தவறிய பிள்ளை இருந்தது, வீட்டார் ஏற்காத காதல் இருந்தது. இவை எல்லாம் எல்லா ஊரிலும் உண்டு. இங்கே அவற்றின் பக்கத்தில் எட்டும் தூரத்தில் அந்தப் போத்தலும் இருந்தது.

இது தோட்டத்துக்கு மட்டும் நேர்ந்ததில்லை. அநுராதபுரத்து வயல்களிலும் வன்னியிலும் மொனராகலையிலும் வேறு வேறு பூச்சிமருந்துகள் இதே வழியில் வீட்டுக்குள் வந்தன. 1970களின் பிற்பகுதியில் மருத்துவர் ஜெ. ஜெயரட்ணமும் உடன் ஆய்வாளர்களும் நாட்டின் வைத்தியசாலைகளில் கணக்கெடுத்தார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 13,000 பேர் பூச்சிமருந்து நச்சால் அனுமதிக்கப்படுகிறார்கள், சுமார் 1,000 பேர் இறக்கிறார்கள், நான்கில் மூன்று பங்கு சம்பவங்கள் தாங்களே குடித்தவை என்று 1982இல் எழுதினார்கள். 1995இல் இலங்கையில் 1 லட்சம் பேருக்கு 47 பேர் என்ற அளவில் மக்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று அது.

மடுல்சீமையிலோ லுணுகலையிலோ ஒருவர் மருந்து குடித்துவிட்டால் முதலில் தோட்டத்து டிஸ்பென்சரி, பிறகு தோட்டத்து லொறி, பிறகு வளைந்து வளைந்து போகும் பாதை, கடைசியில் பதுளை ஆஸ்பத்திரி. பொலிஸ் பயம் வேறு. உயிரை மாய்க்க முயல்வது 1998 வரை இந்நாட்டில் தண்டனைக்குரிய குற்றம். வயிற்று வலி என்று பொய் சொல்லிக் கொண்டுவந்த குடும்பங்களை நான் குறை சொல்ல மாட்டேன். பிழைத்து வந்தால் வழக்கு என்று சட்டமே சொல்லும்போது யார்தான் உண்மை பேசுவார்கள்?

சாகத் துணிந்தவனுக்குச் சமுத்திரமும் முழங்கால் மட்டம் என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. இந்தப் போத்தலை வீட்டில் விட்டு வைத்ததற்கு அந்த நினைப்பும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன். ஒரு வழியை அடைத்தால் இன்னொரு வழியில் போவார்கள், தடுத்து என்ன பயன் என்று படித்தவர்களும் பேசினார்கள். வார்டுகளில் பிழைத்தவர்களிடம் பொறுமையாகக் கேட்டவர்கள் வேறொன்றைக் கண்டார்கள். எடின்பரோ பல்கலைக்கழகத்தின் மைக்கேல் எடில்ஸ்டன் 1990களில் இலங்கைக்கு வந்து அநுராதபுரத்திலும் பொலன்னறுவையிலும் பல ஆண்டுகள் நோயாளிகளோடு இருந்தவர். அவரும் இலங்கை மருத்துவர்களும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், பாதிக்கு மேற்பட்டவர்கள் அரை மணி நேரம்கூட யோசிக்காமல் குடித்திருந்தார்கள். எதைத் தேர்ந்தார்கள் என்றால், கைக்கு எட்டியதை. மாதக்கணக்கில் திட்டமிட்டவர்கள் மிகச் சிலர். கோபமோ அவமானமோ தலைக்கேறிய அந்த அரை மணி நேரத்தைத் தாண்டிவிட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் பிறகு வேறு வழியைத் தேடிப் போகவில்லை, வாழ்ந்தார்கள். அந்த அரை மணி நேரத்தில் கையில் கிடைப்பது எது என்பதுதான் பல பேருக்கு உயிரும் சாவும்.

இதைப் புரிந்துகொண்டு வேலை செய்த அலுவலகம் பேராதனையில் இருந்தது. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பூச்சிகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டம் பூச்சிகொல்லிப் பதிவாளர் என்ற பதவியை உருவாக்கியது. அவர் பதிவு செய்யாத மருந்து நாட்டுக்குள் வர முடியாது. 1984இல் பரத்தியோனும் மெதில் பரத்தியோனும் நிறுத்தப்பட்டன. 1995இல் மோனோகுரோட்டபோஸும் மெத்தமிடோபோஸும் போயின. அந்த இடத்தை எண்டோசல்பான் பிடித்துக்கொண்டது. வார்டுகளில் அது தெரிந்தது. 1998இல் அதுவும் போனது. ஒன்றை எடுத்தால் இன்னொன்று வருகிறது என்று சலித்துக்கொள்ளாமல், வந்ததைப் பார்த்து அதையும் எடுத்தார்கள். பல ஆண்டு பதிவாளராக இருந்த காமினி மனுவீரவும் சகாக்களும் விளைச்சல் கணக்கையும் எடுத்துப் பார்த்தார்கள். தடைகளால் நெல்லோ காய்கறியோ குறைந்ததாகத் தடயம் இல்லை. விவசாயம் அழிந்துவிடும் என்று பயமுறுத்தியவர்களுக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது.

பரகுவாட் கடைசி வரை தாக்குப் பிடித்தது. உற்பத்தியாளர்கள் வாந்தி வரவழைக்கும் பொருளைச் சேர்த்தார்கள், நிறமும் நாற்றமும் சேர்த்தார்கள். 2004இல் ஒரு புதிய கலவையை இலங்கையிலேயே அறிமுகம் செய்தார்கள். பிழைத்தவர்கள் கொஞ்சம் கூடினார்கள், அவ்வளவுதான். வீட்டில் பூட்டி வைத்தால் போதும் என்ற யோசனையும் வந்தது. 2010 முதல் 2013 வரை அநுராதபுரத்தில் 180 கிராமங்களை எடுத்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் பூட்டுப் போட்ட பெட்டிகளைக் கொடுத்துச் சோதித்தார்கள். 2017இல் முடிவு வந்தது: பெட்டி பயன் தந்ததாகத் தெரியவில்லை. சாவி வீட்டிலேயேதானே இருக்கிறது. இதற்கிடையில் ஐரோப்பிய நீதிமன்றம் 2007இல் பரகுவாட்டின் அனுமதியை ரத்துச் செய்தது. அதன் பிறகும் இங்கிலாந்தின் ஹடர்ஸ்பீல்ட் தொழிற்சாலையிலிருந்து அது வெளிநாடுகளுக்குக் கப்பலேறியது. தன் வயலுக்கு ஆகாததை ஏழையின் வயலுக்கு அனுப்பும் அந்த வணிகத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இலங்கை 2008இல் தொடங்கி முதலில் செறிவைக் குறைத்து, 2011க்குள் பரகுவாட், டைமெத்தோயேட், பென்தியோன் மூன்றையும் படிப்படியாக நிறுத்தியது. அடுத்த நான்கு ஆண்டுகளில் பூச்சிமருந்தால் நேர்ந்த மரண விகிதம் பாதியாகக் குறைந்தது. 1995ஐ ஒட்டிய உச்சத்தோடு ஒப்பிட்டால் நாட்டின் மொத்த விகிதம் 70 சதவீதம் விழுந்திருந்தது. 1995க்கும் 2015க்கும் இடையில் 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டிருக்கலாம் என்றும், ஓர் உயிருக்கு அரசு நேரடியாகச் செலவிட்டது 50 டொலருக்கும் குறைவு என்றும் ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். தங்கள் பெயர் அந்தக் கணக்கில் இருப்பதை அறியாமல் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும் பெண்களை நினைத்துப் பார்க்கிறேன்.

போத்தல் மற்ற ஊர்களிலிருந்தும் விரட்டப்பட்டது. கேரளம் 2011இல் தடை செய்தது. தென்கொரியா 2012இல் விற்பனையை நிறுத்தியது. அங்கும் மரணங்கள் குறைந்தன. மலேசியத் தோட்டங்களில் முதுகில் தாங்கியோடு மருந்து அடித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள், அவர்களில் பலர் தமிழர்கள். நகமும் கண்ணும் தோலும் கெட்டுப்போன அவர்களின் கதையை ஐரின் பெர்னாண்டஸின் தெனாகனித்தா அமைப்பு 2002இல் அறிக்கையாக வெளியிட்டது. அதே ஆண்டு மலேசியா தடை அறிவித்தது, 2006இல் தளர்த்தியது, 2020 ஜனவரி 1இல்தான் முழுமையாக நிறுத்தியது. 2014இல் காலமான ஐரின் அதைப் பார்க்கவில்லை.

போத்தல் போனதோடு துயரமும் போய்விட்டது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. நச்சருந்தி வைத்தியசாலைக்கு வருகிறவர்கள் குறைந்துவிடவில்லை. மாத்திரைகளை விழுங்கி வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். வந்தவர்களில் பிழைப்பவர்கள் அதிகம் என்பதே வித்தியாசம். பிழைத்த பிள்ளை மூன்றாம் நாள் அதே லயத்துக்கு, அதே கடனுக்கு, அதே அடிக்குத் திரும்புகிறாள். ஊவாவில் அவளிடம் அவள் மொழியில் உட்கார்ந்து பேச யார் இருக்கிறார்கள்? மனநல வைத்திய அதிகாரி, தாதி, உளவளத்துணையாளர் என்று பதவிகள் உண்டு. தோட்டத்துத் தமிழ் புரிந்து, பத்து நிமிடத்துக்கு மேல் செவி கொடுக்கக்கூடியவர்கள் போதாது. சிங்களத்தில் கேட்ட கேள்விக்குப் பக்கத்துக் கட்டில்காரி மொழிபெயர்த்துச் சொன்னால், கணவன் அடித்ததை அவள் எப்படிச் சொல்வாள்? பதிவாளர் அலுவலகம் ஒரு போத்தலை எடுத்ததுபோல, இந்த இடத்தில் ஆளைக் கொண்டுவந்து வைப்பதும் அரசு செய்யக்கூடிய காரியம்தான். தோட்டத்துப் பாடசாலைகளில் படித்து உளவியலும் தாதியியலும் கற்று வெளியே வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பசறையிலும் லுணுகலையிலும் அப்புத்தளையிலும் நிரந்தர வேலை கொடுக்க வேண்டும்.

தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கம் இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது, தமிழில் பேசலாம். உங்களுக்கே தேவைப்பட்டாலும் அழையுங்கள். பக்கத்துக் காம்பராவில் ஒருவர் பேச்சைக் குறைத்து ஒதுங்கிப் போனால், உயிரை விட்டுவிடத் தோன்றுகிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்டால் அந்த நினைப்பு வந்துவிடும் என்பது வீண் பயம். கேட்டு, பக்கத்தில் இருந்து, வீட்டில் இருக்கும் மருந்தையும் மாத்திரையையும் அன்றைக்கு எடுத்துக்கொண்டு போய் வேறு வீட்டில் வையுங்கள்.